நாத்தனார் கன்னத்தில் என் விரல்கள்

எழுபதுகளின் கடைசிப் பகுதி. ஆடி மாதம். இலங்கையில், பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலயிலிருந்து மலைமேல் ஏறும் ரோட்டில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் மருமகளாகப் போய் ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அப்போதுதான் இது நடந்தது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது. பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா கடைவீதியில் ஒரு கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தார். எட்டாம் வகுப்புவரை படித்திருந்தேன். பேப்பரில் வரும் பெண்கள் பக்கத்தை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வைப்பது என் பழக்கம். முகப்பரு, முடி உதிர்வது, பாதவெடிப்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், எதைக் கேட்டாலும் அதில் ஒரு வழி இருக்கும். கல்யாணமாகி வந்தபோது சேலைகளுக்கு நடுவில் அந்தக் கொப்பியும் வந்தது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள், "டவுன் புள்ளைக்குத் தெரியாதது என்ன இருக்கு" என்பார்கள். அது கேலி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாராட்டு என்றே நினைத்து, கேட்காதவர்களையும் கூப்பிட்டு வைத்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. வீட்டில் எங்களோடு அவருடைய அம்மாவான மாமியும், என் நாத்தனாரும் இருந்தார்கள். நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. பிறவியிலேயே தோலில் நிறம் இல்லாதவள். தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் சோளக்கதிரின் நார் மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் கண் கூசும். தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. மாமியும் கறுப்பு, அண்ணனும் கறுப்பு, அந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததும் தோட்டமே வந்து எட்டிப் பார்த்ததாம். வெள்ளைக்காரத் துரையின் மனைவியைத் துரைசாணி என்போம் இல்லையா, அந்தப் பட்டம் தொட்டிலிலேயே அவளுக்கு ஒட்டிக்கொண்டது. தொரசாணி என்றால்தான் எல்லாருக்கும் அவளைத் தெரியும். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போய், தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, நிஜத் துரைசாணிகள் எல்லாரும் கப்பல் ஏறின பிறகும் எங்கள் லயத்தில் மட்டும் ஒருத்தி பாக்கி இருக்கிறாள் என்று வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். மனசுக்குள் சிரித்தாளா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு எதிரி வெயில்தான். எங்கள் ஊவாப் பக்கத்தில் ஆடி, ஆவணியில் மழை இருக்காது, கச்சான் காற்றுத்தான் விடாமல் வீசும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடுவதே தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் தோலே காந்தும். அவளுக்கு அரை மணி நேரம் போதும், வெந்நீர் கொட்டின மாதிரி சிவந்துவிடும். அதனால்தான் அந்த வயதுவரை அவளுக்குப் பேர் கிடைக்கவில்லை.

பேர் என்றால் தோட்டத்தில் வேறு அர்த்தம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும்போது செக்றோல் என்கிற ஆள்கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்கள். அதில் ஏறினால் அன்றைக்குப் பேர் விழுந்தது என்போம். ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். செக்றோலில் பதியாதவர்கள் லயத்தில் சாப்பிடலாம், தூங்கலாம், ஆனால் தோட்டத்துக்கு அவர்கள் ஆளே இல்லை. அவள் மூன்று வருடமாகப் பேர் பதியச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் மலையில் இரண்டு மூன்று நாள் நிற்பாள், தோல் வெந்துபோய் இறங்கி வந்துவிடுவாள். வயசுப் பிள்ளைகள் எல்லாரும் கூடையை மாட்டிக்கொண்டு போகும்போது இவள் காம்பரா என்கிற லயத்து அறையின் இருட்டுக்குள் உட்கார்ந்து அரிசி புடைப்பாள்.

அந்த வருடம் கங்காணி ஒரு வார்த்தை சொன்னார். அவர் கெட்ட மனுசர் இல்லை, வளைந்து கொடுக்காத மனுசர்.

"ஆடி, ஆவணி ரெண்டு மாசமும் எறங்காம மலையில நிக்கட்டும். அதுவரைக்கும் அண்ணியோட கூடைக்கே பறிக்கட்டும். நின்னு காட்டினா, நானே ஐயாகிட்டச் சொல்லிப் பேர் பதிய வைக்கிறேன். முடியலைன்னா இனிமே இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்றார்.

என் கூடைக்குப் பறிப்பதில் லாபம் எனக்குத்தான். நான் அப்போதுதான் கொழுந்து பறிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு கை கொழுந்து என்றால் மறுகை முற்றல் இலை. அவள் கண்ணால் பறிப்பதில்லை, விரல்நுனியால் பறிப்பாள். எது இளசு, எது முற்றல் என்று தொட்ட மாத்திரத்தில் தெரியும். அவள் பறித்ததும் சேர்ந்து என் பேரில்தான் நிறுவையில் ஏறும். அன்று வீட்டுக்கு வந்ததும் நான் பெரிய மனுசி மாதிரி அவள் முதுகைத் தட்டி, "நீ கவலைப்படாத புள்ள, வெயிலை நான் பாத்துக்கறேன்" என்றேன். வெயிலைப் பார்த்துக்கொள்ள நான் யார்?

கொப்பியைத் திறந்தேன். வெயிலில் கறுத்த முகத்துக்கு என்று ஒரு குறிப்பு இருந்தது. தேசிக்காய்ச் சாறு, அதாவது எலுமிச்சைச் சாறு, மஞ்சள், கொஞ்சம் பால். குழைத்துப் பூசி, காய்ந்ததும் நன்றாகக் கழுவவும். கறுத்த முகத்தைச் சரியாக்குகிற சாமான், முகத்தை வெயிலிலிருந்து காப்பாற்றவும் செய்யும் என்று நானாகவே முடிவு கட்டினேன். ஆனால் கழுவுவது எப்படி? அந்தக் குறிப்பை எழுதினவர் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வந்திருக்கும். எங்களுக்கு மலைத்தண்ணீர் வந்து விழும் பீலிதான். அதுவும் ஆடியில் நூல் மாதிரித்தான் ஒழுகும். குடங்கள் வரிசை கட்டி நிற்கும். பூசி, காயவிட்டு, கழுவி, பிறகு பெரட்டுக்கு ஓடுவது நடக்கிற காரியமா? கழுவுவதை விட்டுவிட்டேன். பூசியபடியே மலைக்குப் போகட்டும், நாள் முழுக்க வேலை செய்யும் என்று நினைத்தேன். இந்த யோசனை முழுக்க என் சொந்தச் சரக்கு, பேப்பர்காரர் மேல் பழி போட முடியாது.

முதல் நாள் வானம் மூட்டமாக இருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் நிரையில் நின்ற பெண்கள் எல்லாரிடமும் என் மருந்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டே பறித்தேன். நாலு பேர் செய்முறை கேட்டார்கள். நல்லவேளை, யார் வீட்டிலும் தேசிக்காய் இல்லை.

இரண்டாம் நாள் பளீரென்று வெயில். வீட்டுக்கு வந்ததும், "அண்ணி, எரியுது" என்றாள். எரிந்தால்தான் மருந்து உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம் என்றேன். கொப்பியில்கூட அப்படி ஒரு வரி கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் அவள் முகத்தைக் கொடுக்கவில்லை. "இன்னைக்கு வேணாமே அண்ணி" என்று தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு பாடுபடுகிறேன், என்மேல் நம்பிக்கை இல்லையா, உனக்குப் பேர் வேண்டுமா வேண்டாமா என்று கத்தினேன். மாமி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். புது மருமகளைக் கண்டிக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி அடுப்பை ஊதத் தொடங்கினார். அவள் மெதுவாக முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டாள். நான் நாலு விரலையும் கிண்ணத்தில் முக்கி, கன்னத்தில் காதோரத்திலிருந்து வாய்வரை இழுத்தேன். சாறு கழுத்தில் வழிந்தது. கைகளிலும் பூசிவிட்டேன். அன்றைக்கு முழுக்க மேகமே இல்லை.

மறுநாள் காலையில் மாமி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட தொனியிலேயே எழுந்து ஓடினேன். அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நாலு கோடு. கோடு முழுக்கக் கொப்புளம், சோற்றுப் பருக்கை அளவுக்கு, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. கழுத்தில் சாறு வழிந்த இடத்தில் வழிந்த மாதிரியே ஒரு சிவப்புத் தடம். நான் தொடாத இடத்தில் வழக்கமான சிவப்புத்தான், தொட்ட இடமெல்லாம் வெந்திருந்தது. கையை விரித்துப் பக்கத்தில் வைத்தால் என் விரல்கள் அப்படியே பொருந்தும். யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. அறைந்தவள் நான்தான்.

வீட்டுக்காரர் லீவு போட்டார். மூன்று பேரும் பஸ்ஸில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சிங்களவர். முகத்தைப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார், என்ன பூசினீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் மஞ்சள் என்றுதான் சொல்ல வாயெடுத்தார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கு அந்த இடத்தில் ஒரு நிமிடம் ஆசை வந்தது, பேசாமல் இருந்துவிடலாமா என்று. பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். அவள் வீங்கின கண்ணை இடுக்கிக்கொண்டு என் பக்கம் பார்த்தாள். கடைவீதியில் பழகின சிங்களத்தில், "தெஹி" என்றேன். தேசிக்காய்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், யாருக்கும் வேகும், இந்தப் பிள்ளையின் தோலுக்கு இரண்டு மடங்கு வேகும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். புண் ஆறும்வரை வெயிலில் கால் வைக்கக் கூடாது, பத்து நாள் கழித்து வந்து காட்டுங்கள் என்று சொல்லி, ஒரு களிம்பும், குலுக்கிப் பூசுகிற இளஞ்சிவப்பு மருந்து ஒரு போத்தலும் கொடுத்தார். பத்து நாள் என்றதும் அவள் தலை கீழே போனது. கங்காணியின் நிபந்தனை அங்கேயே முடிந்துவிட்டது. இறங்காமல் நிற்கச் சொன்னார். நான் இறக்கிவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தி அவள் கன்னத்தைக் கண்டுவிட்டு, "யாரும்மா இப்படி அடிச்சது?" என்று கேட்டார். கேட்கும்போதே என் வீட்டுக்காரரை முறைத்தார். பாவம், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டு, "யாரும் அடிக்கலைங்க. நானேதான் எதையோ பூசிக்கிட்டேன்" என்றாள். ஹாலிஎல வந்து சேரும்வரை அந்த அம்மா வீட்டுக்காரரை முறைப்பதை விடவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதைத் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கொப்பியை அடுப்பில் போடப் போனேன். அவள்தான் தடுத்தாள், பாதவெடிப்புக் குறிப்பு நல்லது, அம்மாவுக்குக் குணமாகியிருக்கிறது என்று. அந்த நேரத்திலும் அவளுக்கு அது நினைவிருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து, கையில் புண் இல்லாமல் சிவந்து மட்டும் இருந்த இடத்தில் அந்த இளஞ்சிவப்பு மருந்தைப் பூசிக்கொண்டிருந்தவள், காய்ந்ததைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"அண்ணி, இது கிரிமெட்டி மாதிரியே இருக்கு."

கிரிமெட்டி என்றால் வெள்ளைக் களிமண். எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைக் கரையில் ஒரு இடத்தில் வெட்டினால் வெள்ளை வெளேரென்று வரும். கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண்கள் வருடப்பிறப்புக்கு முன்னால் வந்து தோண்டிக்கொண்டுபோய் வீட்டுச் சுவருக்குப் பூசுவார்கள். சின்ன வயதில் பிள்ளைகளோடு அந்த ஓடையில் விளையாடும்போது அதை உடம்பெல்லாம் அப்பிக்கொள்வாளாம். மண் ஒட்டியிருந்த இடம் மட்டும் அன்றைக்கு வேகாதாம். அதை அவள் ஏழெட்டு வயதிலேயே கண்டுபிடித்திருக்கிறாள். இதை மட்டும் இல்லை. கிழக்கு மலையில் எத்தனை மணிக்கு நிழல் விழும், எந்த நிரையில் சவுக்கு மரத்தின் மறைவு கிடைக்கும், எந்தச் சேலைத் துணி வழியாக வெயில் இறங்கும், எதன் வழியாக இறங்காது, எல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே போனாள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"இதெல்லாம் ஏன் புள்ள முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் நடந்தது என்பதுபோல் சொன்னாள். பதினெட்டு வருடம் அந்தத் தோலுக்குள் இருந்து வெயிலோடு மல்லுக்கட்டினவள் அவள். ஐந்து மாதத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்து இறங்கினவள் நான். நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் வெட்கத்துக்கு அந்தக் காம்பரா போதவில்லை.

அப்படியானால் மலைக்குப் போகும்போது ஏன் அதைப் பூசிக்கொள்ளவில்லை என்றும் கேட்டேன். ஏற்கெனவே ஊரெல்லாம் தொரசாணி என்கிறது, மூஞ்சியில் சுவருக்கு அடிக்கிற மண்ணையும் அப்பிக்கொண்டு போனால் சிரிப்பதற்குக் கேட்கவா வேண்டும் என்றாள். வெயிலைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டிருக்கிறது.

"அப்ப நானும் பூசிக்கிறேன்" என்றேன்.

"ஐயோ அண்ணி, நீங்க பூசினா அசிங்கமா இருக்கும்."

"நீ பூசினா?"

"நான் ஏற்கெனவே அப்படித்தானே."

எழுந்துபோய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. என்ன செய்தாலும் முதலில் அவளிடம் கேட்டுத்தான் செய்தேன். களிமண்ணைச் சட்டியில் போட்டுத் தண்ணீரில் கரைத்து, மணலும் கல்லும் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் பால் மாதிரித் தண்ணீரை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். துணியில் தங்கியதை ஓட்டுச் சட்டியில் போட்டு ஈரம் போக வறுத்து, ஆறவிட்டு, இடித்து, மறுபடி துணியில் சலித்தோம். மாவு மாதிரி வந்தது. அதைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்தால் காய்ந்து வெடித்து உதிர்ந்தது. தேங்காய் எண்ணெயில் குழைத்தால் வேர்வையில் வழிந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள், பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று. எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. தையல்காரர்கள் நூல் அறாமல் இருக்கத் தேன்மெழுகில் இழுத்துத்தான் ஊசியில் கோர்ப்பார்கள்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அப்பாவிடம் ஒரு மெழுகுக் கட்டி வாங்கினேன். அங்கேயே தகரத்தில் உருக்கி, தேங்காய் எண்ணெய் ஊற்றி, கையோடு கொண்டுபோன மாவைப் போட்டுக் கிளறினோம். அப்பா, மருமகன் வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லையா, மண்ணைத் தின்கிறீர்களா என்று கேலி செய்தார். ஆறினதும் வெண்ணெய் மாதிரி உறைந்தது. விரலில் எடுத்தால் எடுத்தபடி நின்றது.

அந்தத் தகரத்தை டாக்டரிடமே காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்து, தன் கையில் தேய்த்துப் பார்த்து, "தெஹி இல்லையே?" என்று கேட்டுச் சிரித்தார். புண் முழுக்க ஆறின பிறகு பூசலாம், முதலில் கொஞ்சமாகப் பூசிப் பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் கழுவ வேண்டும், பூச்சை நம்பித் துணியை விட்டுவிடக் கூடாது, முழுக்கைச் சட்டையும் தலைக்கு மறைப்பும் கட்டாயம் என்றார். அப்படியும் அவள்மேல் உடனே பூச நான் துணியவில்லை. முதலில் என் முழங்கையில் ஒரு வட்டம் பூசிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நாள் முழுக்க மலையில் நின்றேன். கழுவிப் பார்த்தால் அந்த வட்டம் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது, சுற்றிலும் கறுத்திருந்தது. என் தோலைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. பிறகுதான் அவள் கையில், ஒரு சின்ன இடத்தில், பூசினோம்.

இனிக் கங்காணியிடம் போக வேண்டும். அவர் வீட்டு வாசலில் நின்று, அவள் தானாக இறங்கவில்லை, என் மடத்தனம்தான் அவளை இறக்கியது, இன்னொரு தடவை நிற்க விடுங்கள் என்று கேட்டேன். நாலு பேர் நின்று பார்த்தார்கள். டவுன் புள்ளை மன்னிப்புக் கேட்கிற காட்சி லேசில் கிடைக்காதே.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இன்னைலேருந்து பொரட்டாசி பொறக்கிற வரைக்கும். அவளுக்குத் தனிக்கூடை குடுக்கறேன். நீ அவளுக்கு அடுத்த நெரையில நில்லு. அவ எறங்கினா நீயும் எறங்கணும்" என்றார்.

முதல் நாள் பெரட்டுக்களத்துக்கு இரண்டு பேரும் வெள்ளை முகத்தோடு போனோம். அவள் தலையிலிருந்து தோள்வரை சேலைத் துணி, உடம்பில் அண்ணனின் முழுக்கைச் சட்டை. எனக்கு வெள்ளைப் பூச்சு, அதற்கு நடுவில் கறுப்பு மூக்கு, ஏனென்றால் அவசரத்தில் மூக்கை மறந்துவிட்டேன். சிரிப்பு எழும்பியது பாருங்கள், மலை அதிர்ந்தது. சுண்ணாம்பு அடிச்ச செவுரு ரெண்டு நடந்து வருது என்றார்கள். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கே என்றார்கள். நான் என் வாழ்க்கையில் அழகுக்கென்று எவ்வளவோ பூசியிருக்கிறேன், மற்றவர்கள் சிரிப்பதற்கென்று பூசினது அன்றுதான். ஆனால் ஒன்று கவனித்தேன். அவர்கள் என்னைப் பார்த்துத்தான் அதிகம் சிரித்தார்கள். அவள் என் பக்கத்தில் தலையைக் குனியாமல் நடந்தாள்.

ஒரு வாரம் போனது. அவள் இறங்கவில்லை. மத்தியானத்தில் கொஞ்சம் சிவப்பாள், மரத்தடியில் நின்று மறுபடி ஒரு கை பூசிக்கொள்வாள், திரும்பப் பறிப்பாள். கச்சான் காற்றில் கன்னம் வெடித்து எரிந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண், யாரும் பார்க்காத நேரத்தில் அவளிடம் வந்து, "கொஞ்சம் குடேன்" என்று கேட்டாள். மறுநாள் இன்னொருத்தி. அவரவர் முகத்தைத் தொட்டுப் பார்த்து, இவங்களுக்கு எண்ணெய் கூட வேணும், இவங்களுக்கு மெழுகு கம்மி போதும் என்று அவள் சொல்வாள், நான் கிளறுவேன். ஆவணி முடிவதற்குள் எங்கள் நிரைகளில் ஏழெட்டு வெள்ளை முகம் நின்றது. சுவர் என்று சொல்லிச் சிரிக்க ஆளில்லாமல் போனது.

புரட்டாசி பிறந்த அன்று பெரட்டில் கங்காணி அவளை முன்னால் கூப்பிட்டார். கணக்கப்பிள்ளை செக்றோலைப் பிரித்துவைத்துக்கொண்டு, பேர் என்ன என்று கேட்டார். கங்காணி வாயைத் திறந்தார், மூடினார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. தொரசாணி என்று எழுத முடியாதே. அத்தனை ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஓரடி முன்னால் வைத்து, கண்ணை இடுக்காமல், தன் பேரைத் தகப்பன் பேரோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்னாள். கணக்கப்பிள்ளை எழுதினார். இதைப் பார்ப்பதற்கென்றே வந்து எனக்குப் பின்னால் நின்ற மாமி விசும்பினது கேட்டது. அந்தப் பேரை வைத்தவர் அவர்தான்.

அதன் பிறகு முப்பது வருடத்துக்குமேல் அவள் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தாள். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்று, நல்ல நிலையில் இருக்கிறாள். பிற்பாடு ஆஸ்பத்திரியில் வெயிலுக்கென்றே ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார்கள், அகலத் தொப்பியும் போட்டுக்கொண்டாள். வருடம் தவறாமல் போய்த் தோலைக் காட்டிவிட்டும் வருகிறாள். என் விரல் தடம் அடுத்த தை மாதம்வரை அவள் கன்னத்தில் சிவப்பாகக் கிடந்து, பிறகு மறைந்தது. அவளிடம் கேட்டால் எந்தக் கன்னம் என்பதே மறந்துவிட்டது என்கிறாள், அது பொய் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு மறக்கவில்லை. இன்றைக்கும் யாராவது உடம்புக்கோ மனசுக்கோ முடியவில்லை என்று வந்து நின்றால், என் நாக்கு நுனியில் பத்து யோசனை வந்து நிற்கத்தான் செய்கிறது. அதை எல்லாம் விழுங்கிவிட்டு, "எங்க எரியுது, இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று முதலில் கேட்கிற பொறுமையை எனக்குக் கொடுத்தது என் படிப்பு இல்லை, வலிக்கும் என்று தெரிந்தும் என்னிடம் கன்னத்தைக் காட்டினாளே, அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளைதான்.